தலைக்கு மேல் ஓர் அமானிதம்

ரமளான் பிறைக்கு முன்பும், வீட்டில் ஒரு நிக்காஹ் நிச்சயமான பின்பும் நம் இல்லங்களில் முதலில் எழும் பேச்சு வெள்ளையடிப்பைப் பற்றியதாகவே இருக்கும். சுவரைப் பார்க்கிறோம்; கதவு, சன்னல்களைப் பார்க்கிறோம்; வாசற்படியைப் பார்க்கிறோம். கழுத்தை நிமிர்த்திக் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பது கடைசியில்தான். அங்கே பழைய வர்ணம் செதில் செதிலாக எழும்பி நிற்பது கண்ணில் பட்டதும், “இதன்மேல் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் சரியாகிவிடும்” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்பிற்குரிய வாசகர்களே! அந்தச் சொல்லுக்கு நான் கொடுக்க நேர்ந்த விலையையும், அதன் வழியாகக் கற்றுக்கொண்ட பாடத்தையும் உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

நான் சொன்னதும் மேஸ்திரி சொன்னதும்

உத்திரமேரூரை அடுத்த மானாம்பதியில் உள்ள எங்கள் வீடு என் தந்தையார் காலத்தில் கட்டப்பட்டது. கான்கிரீட் தளம் போட்ட கூடம். தொடக்கத்தில் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு டிஸ்டம்பர் வந்தது. வெளிநாட்டிலிருந்து என் தம்பி திரும்பி வந்த ஆண்டில் கூடத்தின் கூரைக்கு இளம்பச்சை நிறத்தில் எனாமல் வர்ணம் பூசினோம். அதன்மேல் மீண்டும் டிஸ்டம்பர். இப்படியாக ஒரு தலைமுறையின் வர்ணங்கள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்தன.

என் மூத்த மகளின் நிக்காஹுக்கு ஒன்பது நாள்கள் இருந்தபோது, பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஒரு மேஸ்திரியை அழைத்துக் கூரையைக் காட்டினேன். முதியவர், நாற்பது ஆண்டுகளாகக் கரணை பிடித்தவர். ஏணியில் ஏறி, உளியின் பிடியால் இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தார். விரல் நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்து என் கையில் வைத்தார். பிறகு இறங்கி வந்து, “பாய், இதை மொத்தமா சுரண்டி எடுக்கணும். அப்புறம் தளத்தைக் கொத்திவிட்டு, கழுவி, சன்னமா ஒரு பூச்சு. ஏழு நாள் தண்ணி காட்டணும். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும்” என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. அத்தனை நாள்கள் இல்லை, வீடெல்லாம் தூசு பறக்கும், விருந்துக்கு வாங்கிய அரிசியும் மளிகையும் உள்ளே அடுக்கியிருக்கின்றன, கூலியும் இரட்டிப்பாகும். “சுரண்டாமலே பூசிவிடுங்கள், மேஸ்திரி” என்றேன். அவர் மறுத்தார். “அப்படின்னா இப்ப பூச்சே வேணாம் பாய். எழும்பின செதிலை மட்டும் தட்டிவிட்டு, ஒரு கை வர்ணம் அடிச்சுக் கலியாணத்தை முடிங்க. அப்புறம் ஆற அமரப் பண்ணிக்கலாம்” என்றார். அருமையான யோசனை! ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்குக் கூரை மெழுகினாற்போல் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. அவரை அனுப்பிவிட்டு வேறொருவரைத் தேடினேன்.

இரண்டாமவர் முதலில் தயங்கினார். நான் வற்புறுத்தினேன், முன்பணமும் கொடுத்தேன். துடைப்பத்தால் கூரையைத் தட்டி, சிமெண்ட் பால் தெளித்து, மேடுபள்ளம் தெரியாமல் அரை அங்குலக் கனத்திற்குப் பூசி, இரண்டே நாள்களில் முடித்துவிட்டார். நிக்காஹ் சிறப்பாக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் கூடத்தைப் புகழ்ந்தார்கள். முதல் மேஸ்திரி வேலையை வளர்க்கப் பார்த்தார் என்றே என் மனம் முடிவு கட்டியது.

பத்தாம் மாதம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னிரவில் அந்த முடிவு நொறுங்கியது. என் தாயார் கூடத்துக் கட்டிலில்தான் உறங்குவார்கள். தஹஜ்ஜுத் தொழுகைக்கு ஒளூச் செய்ய எழுந்து கொல்லைப்புறம் போயிருந்தார்கள். பெரும் ஓசை கேட்டு ஓடிவந்து விளக்கைப் போட்டேன். முறம் அளவுள்ள ஒரு பாளம் தலையணையின்மேல் கிடந்தது. கட்டிலைச் சுற்றிலும் சிதறல்கள். என் தாயார் ஈரக் கைகளோடு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதுவும் சொல்லவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை.

விழுந்தது எது?

மறுநாள் முதல் மேஸ்திரியையே போய் அழைத்து வந்தேன். பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை. விழுந்த பாளம் ஒன்றைக் கையிலெடுத்து, திருப்பி, அதன் முதுகை எனக்குக் காட்டினார். அங்கே என் தம்பி வாங்கிவந்த இளம்பச்சை வர்ணம் தோல்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் பழைய சுண்ணாம்பின் வெண்மை. “கலவை மேல குத்தம் இல்லீங்க பாய். அது வர்ணத்தை நல்லாவே பிடிச்சிருக்கு. வர்ணந்தான் தளத்தை விட்டுடுச்சு” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் முழு உண்மையும் அடங்கியிருக்கிறது. பூச்சின் பிடிப்பு எத்தனை வலிமையாக இருந்தாலும், அடியில் உள்ள அடுக்குகளில் எது மிகவும் பலவீனமானதோ அதன் வலிமைதான் முழுப் பூச்சின் வலிமையும். சுண்ணாம்பு அடுக்குகள் காலப்போக்கில் மாவாகின்றன. பழைய டிஸ்டம்பர் என்பது சுண்ணத்தூளும் பசையும் கலந்த பூச்சு. ஈரம் பட்டால் இளகிவிடும். எனாமல் வர்ணமோ கண்ணாடிபோல் வழவழப்பானது. கலவையின் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளாது. பற்றிக்கொள்ளச் சொரசொரப்பும் தராது.

சுவருக்கும் கூரைக்கும் உள்ள வேறுபாட்டையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சுவர்ப் பூச்சின் சுமை கீழ்நோக்கிச் சுவரை ஒட்டியே இறங்குகிறது. கூரைப் பூச்சோ தன் முழு எடையோடு தொங்குகிறது. அதைத் தாங்குவது ஒட்டுதல் ஒன்றே. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் கூரையில் அரை அங்குலக் கனத்திற்குச் சிமெண்ட் கலவை பூசினால் அதன் எடை ஏறத்தாழ 230 கிலோ. அதாவது, ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டைகள் நான்கரை நம் தலைக்கு மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். கால் அங்குலமாகப் பூசினால் அது பாதியாகிவிடும். கூரைப் பூச்சு 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கவேண்டாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இதனால்தான்.

இத்துடன் வெயிலும் மழையும் சேர்ந்துகொள்கின்றன. கத்தரி வெயிலில் தளம் சூடேறி விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. சிமெண்ட் பூச்சும் உலரும்போது தன்னளவில் சுருங்கி இழுக்கிறது. மழைக்காலத்தில் தளத்தின் வழியே கசியும் ஈரம் வர்ணத் தோலுக்குப் பின்னால் தேங்கி, அடியிலுள்ள சுண்ணாம்பை இளக்குகிறது. பிறகு ஒரு நாள், எந்த முன்னறிவிப்புமின்றிப் பாளம் பெயர்கிறது. பூசிய மறுநாளே விழுந்தால் பூசியவரைக் கேட்கலாம். பத்து மாதங்களுக்குப் பின் விழும்போது கேட்க ஆளிருப்பதில்லை.

முறையான வேலை என்பது எது?

முதலில் நீங்களே சில சோதனைகளைச் செய்து பார்க்கலாம். உள்ளங்கையால் கூரையைத் தேய்த்துப் பாருங்கள். வெண்மாவு ஒட்டினால் மேல் அடுக்கு உயிரற்றது. ஈரத்துணியால் துடையுங்கள், நிறம் கரைந்து வந்தால் அது டிஸ்டம்பர். நீரைத் தெளியுங்கள், உறிஞ்சாமல் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் வர்ணம். ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். வர்ணம் அதோடு வந்தால் பூச்சோடும் அது வரத்தான் செய்யும். கடைசியாக ஒரு கோலால் தட்டுங்கள். காலிப் பானையின் ஓசை கேட்கும் இடமெல்லாம் ஏற்கெனவே பிடிப்பை விட்ட இடம்.

நேர்கோட்டில் விரிசலும் துருக்கறையும் தெரிந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது பூச்சால் தீரும் நோய் ஆகாது. பொறியாளர் ஒருவரைக் காட்டாமல் கை வைக்காதீர்கள். மேல்தளம் ஒழுகினால் அதை முதலில் அடைக்கவேண்டும். மேலே ஒழுக்கை வைத்துக்கொண்டு கீழே பூசுவது வீண்செலவு.

இவை சரியான பின்னரே பூச்சு. பழைய வர்ணத்தை முழுவதுமாகச் சுரண்டவேண்டும். கான்கிரீட் தெரிந்ததும் உளியால் நெருக்கமாகக் கொத்திவிடவேண்டும். அந்தக் கொத்துகளே கலவைக்குப் பிடிமானம். தூசு தங்காமல் கழுவி, ஈரம் இருக்கும்போதே சிமெண்ட் பாலோ ஒட்டுதலைக் கூட்டும் ரசாயனக் குழம்போ பூசி, அது காய்வதற்குள் சன்னமான பூச்சை ஏற்றவேண்டும். பின்னர் ஏழு நாள்களேனும் நனைத்து வரவேண்டும்.

“சுரண்டவே தேவையில்லை, இந்தக் குழம்பு எதன்மேலும் ஒட்டும்” என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. குழம்பு ஒட்டும், ஐயமில்லை. ஆனால் அது ஒட்டுவது வர்ணத்தின்மேல். வர்ணம் எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்பதே நம் கேள்வி. வெள்ளைப் பட்டி பூசுவதற்கும் இதே விதிதான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பல வீடுகளில் கூரைக்குப் பூச்சே தேவைப்படாது. எழும்பிய பகுதிகளை மட்டும் நீக்கி, பள்ளங்களை அடைத்து, மீண்டும் வர்ணம் பூசினால் போதும். சுரண்ட நேரமும் பணமும் இல்லாதபோது, பூசாமல் விட்டுவிடுவதே பாதுகாப்பானது. கறைபட்ட கூரை யார் தலையிலும் விழுவதில்லை.

தூசு என்னும் நியாயமான அச்சம்

சுரண்டுவதை நம் இல்லத்தரசியர் எதிர்ப்பதற்கு முதற்காரணம் தூசு. இதை வீண்பிடிவாதம் என்று தள்ளிவிடக்கூடாது. பழைய எண்ணெய் வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதியை நம் நாட்டு அரசு 2016-இல் வெளியிட்டது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பூசிய வர்ணத்தில் அந்த உறுதி இல்லை. ஈயத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவுற்ற தாய்மார்களுக்கும் ஆகாது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கு விடை, சுரண்டுவதைக் கைவிடுவதன்று, ஈரமாக்கிச் சுரண்டுவது. வர்ணத்தின்மேல் நீர் தெளித்துக்கொண்டே சுரண்டினால் தூசு பறக்காது. தீயிட்டுப் பொசுக்கியோ, உலர்ந்த நிலையில் உப்புத்தாள் தேய்த்தோ வர்ணத்தை எடுக்க விடாதீர்கள். சாமான்களை வெளியேற்றுங்கள், முடியாதவற்றைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அந்நாள்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலை செய்பவரின் மூக்குக்கும் முகமூடி வாங்கிக் கொடுங்கள்; அவரும் ஒரு வீட்டின் தந்தைதான். மாலையில் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மச்சு வீடுகளும் பழைய ஓவியங்களும்

தேக்கு உத்திரங்களின் மேல் சன்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு கொண்டு கட்டிய ‘மெட்ராஸ் டெரஸ்’ மச்சு வீடுகளில் வாழ்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். அந்தக் கூரையின் அடியில் சிமெண்ட் பூசலாகாது. சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை வாங்கி வெளியே விடும், மரத்தின் அசைவுக்கு இடங்கொடுக்கும். சிமெண்ட் விறைப்பானது, ஈரத்தை உள்ளே அடைக்கும், உத்திரங்களின் முனைகள் உளுத்துப்போகும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே பொருந்தும்.

சென்னைச் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768-இல் எழுப்பிய அரண்மனையின் ‘கலஸ் மஹால்’ பகுதி, 2012 ஜனவரியில் தீயில் பாழானது. பொதுப்பணித் துறையினர் அதைப் பழைய முறையிலேயே, சுண்ணாம்புக் கலவை கொண்டு புதுப்பித்தார்கள். ஓர் அரண்மனைக்குப் பொருந்திய விதி நம் பாட்டனார் கட்டிய சிறு மச்சுக்கும் பொருந்தும்.

சில பழைய வீடுகளின் கூரையில் பூவேலைகளும் கொடிகளும் வர்ணத்தில் தீட்டப்பட்டிருக்கும். அங்கே சுரண்டவும் கூடாது, பூசவும் கூடாது. மூடினால் அது அழியும், அல்லது எவரும் அறியாமல் மறையும். எங்கள் மாவட்டத்தின் காஞ்சிபுரத்தில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவர் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் ஓவியங்கள் பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931-இல் கண்டறிந்த பிறகே உலகம் அவற்றை அறிந்தது. எஞ்சியவை சிறுசிறு துண்டுகளே.

மூடவேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. இஸ்தான்புல்லின் அயா சோபியா பள்ளிவாசலில் 1847 முதல் 1849 வரை சுல்தான் அப்துல் மஜீத் பெரும் பழுதுபார்ப்பு நடத்தினார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபொசாட்டி சகோதரர்கள் பூச்சை நீக்கியபோது, அடியில் பழைய பைசாந்தியக் காலத்து வண்ணக்கல் சித்திரங்கள் தென்பட்டன. அவற்றைப் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு மீண்டும் மூடினார்கள். அடியில் என்ன இருக்கிறதென்று அறிந்து, குறித்துவைத்து, அதன் பின்னரே மூடினார்கள் என்பது நாம் கவனிக்கத்தக்கது. நம் வீட்டில் ஒரு கைப்பேசிப் படமேனும் எடுத்து வைக்கிறோமா?

யாருடைய சம்மதம்?

இனி, என் மனத்தை நெடுநாள் அரித்த கேள்விக்கு வருகிறேன்.

மேலே உலர்ந்த தானியத்தையும் அடியில் நனைந்த தானியத்தையும் வைத்து விற்ற வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மக்தபிலேயே படிக்கிறார்கள். நானே பல ஆண்டுகளாக அதைக் கற்பித்து வந்திருக்கிறேன். அடியிலுள்ள பழுதை மேற்பரப்பால் மறைப்பது மோசடி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் என் வீட்டில் நடந்தது வேறு. மறைக்கச் சொன்னவன் வாங்குபவனாகிய நானே! பூசியவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் தயங்கினார், நான்தான் வற்புறுத்தினேன். அப்படியானால் குற்றம் எங்கே?

‘என் வீடு, என் பணம், என் விருப்பம்’ என்று அன்று நான் எண்ணினேன். ஆனால் அந்தக் கட்டிலில் உறங்கியவர் என் தாயார். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கூரைக்கு அடியில் என்ன மறைந்திருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. நாளை வீட்டை வாடகைக்கு விட்டால் குடிவருபவருக்குத் தெரியுமா? மதரஸாக் கூடத்தில் அமர்ந்து ஓதும் பிள்ளைக்குத் தெரியுமா? கூரை என்பது அதன் கீழ் வாழ்பவர் அனைவருக்குமான அமானிதம். பணம் கொடுப்பவரின் சம்மதம் மற்றவர்களின் தலையைக் காக்காது.

ஆகவே, கொத்தனார் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் வற்புறுத்தினாலும் சுரண்டாத கூரையில் பூசாதீர்கள். ஒரு நாள் கூலியை இழப்பது எத்தனை கடினம் என்பதை நான் அறிவேன். சண்டையிட வேண்டியதில்லை. ஒரு மூலையில் ஒரு முழ இடத்தைச் சுரண்டியும், அதையொட்டி ஒரு முழ இடத்தைச் சுரண்டாமலும் பூசிக்காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து உளியை வைத்து இரண்டையும் நெம்பச் சொல்லுங்கள். நூறு வார்த்தைகள் செய்யாததை அந்த உளி செய்துவிடும்.

வீட்டுக்காரர்களாகிய நாமும் சிலவற்றைக் கடைப்பிடிக்கவேண்டும். சுரண்டுவதற்குத் தனிக்கூலி பேசுங்கள். பூச்சுக்கு மட்டும் சதுர அடிக் கணக்கில் பேசி, சுரண்டுவதை இலவசமாக எதிர்பார்த்தால், அந்த வேலை நடக்காது. நிக்காஹுக்குத் தேதி குறிக்கும்போதே வீட்டு வேலைக்கும் ஒரு மாதத்தை ஒதுக்குங்கள். வேலையின் படிகளை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “முடியாது” என்று சொல்லும் வேலைக்காரரைப் பகையாக எண்ணாதீர்கள். அன்று என் வீட்டில் என் தாயாருக்காகப் பேசிய ஒரே மனிதர், நான் திருப்பி அனுப்பிய அந்த மேஸ்திரிதான்.

இரண்டாமவரையும் பிறகு சந்தித்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். “தவறு என்னுடையது” என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மழைக்காலம் முடிந்ததும் முதல் மேஸ்திரி வந்து வேலையைத் தொடங்கினார். எஞ்சியிருந்த பூச்சைத் தட்டி எடுப்பதற்கே மூன்று நாள்கள் ஆயின. சுரண்டவும் கொத்தவும் நான்கு நாள்கள். பூச்சு ஒரே நாளில் முடிந்தது. காலையும் மாலையும் நானே ஏணியில் ஏறி நீர் தெளித்தேன். பன்னிரண்டு நாள் வேலைக்குப் பயந்தவன், இரண்டு வேலைகளுக்கும் கூலி கொடுத்து, அதைவிடக் கூடுதலான நாள்களையும் செலவழித்தேன்.

வேலை முடிந்த அன்று மேஸ்திரி ஒரு கோலை என் கையில் கொடுத்து, “தட்டிப் பாருங்க பாய்” என்றார். கூடத்தின் நான்கு மூலைகளிலும் தட்டினேன். எங்கும் கல்லின் ஓசை. அன்றிரவு என் தாயாரின் கட்டிலை மீண்டும் கூடத்தில் போட்டேன். வாசகர்களே, இன்றிரவு படுக்கப் போகுமுன் உங்கள் கூரையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.